தப்புக்கு ஒரு தட்டு

கச்சேரி ரோட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் பிரியும் அந்தச் சந்துக்குள் நாங்கள் நுழைந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. நான் பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனாலும் சாந்தோம் பக்கத்து வானம் கறுத்துக் கிடந்ததில் பொழுது சாய்ந்துவிட்டது போலிருந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம் அது. தெருவிளக்குகளுக்கெல்லாம் தகரக் குல்லாய் மாட்டியிருந்தார்கள். வெளிச்சம் கம்பத்தின் காலடியில் ஒரு முறத்தளவுக்கு விழுந்து அங்கேயே நின்றுவிடும்.

குடை பிடித்து முன்னால் நடந்தவர் கணக்கு மாஸ்டர் பஞ்சாட்சரம். மாம்பலத்துக்காரர். என் பிள்ளைகள் இருவருக்கும் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். எதையும் கூட்டிச் சொல்லத் தெரியாத மனிதர். அன்று காலை அவர் என் அத்தர் கடைக்கு வந்து, கடையில் இருந்தவர்கள் போகும்வரை ஓரமாக நின்று, பிறகு சொன்ன ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் வந்திருந்தேன்.

"உங்க வீட்டுத் திரை அந்த வீட்டுல இருக்கு, சாயபு."

அந்த வீடு இனாயத்தின் வீடு. என் தம்பி மகள் வஜீஹாவை மணந்தவன். தம்பியும் அவன் மனைவியும் இறந்துபோன பிறகு வஜீஹா என் வீட்டில் என் மகளாகவே வளர்ந்தாள். என் கையால்தான் அவளை இனாயத்துக்குக் கட்டிக்கொடுத்தேன்.

அதற்கு முந்தின வருஷம் ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானது. நான் என் வீட்டாரை ஆற்காட்டுக்கு அழைத்துப் போனேன். இனாயத் மனைவியையும், அப்போது அவனோடு இருந்த தாயாரையும் அழைத்துக்கொண்டு தாயார் ஊருக்குப் போவதாகச் சொல்லி அனுப்பினான். பயம் தெளிந்து எல்லோரும் திரும்பியபோது அவன் மட்டும் தனியாக வந்தான். ரயில் நிலையத்துக் கூட்டத்தில் வஜீஹா தன் கையை உதறிவிட்டு எவனோடோ போய்விட்டாள் என்றான். என்னிடம் அழுதுகொண்டே சொன்னான். மற்றவர்களிடம் அழாமல் சொன்னான்.

ஓடிப்போனவள். இந்த ஒரு வார்த்தையோடு நாங்கள் ஒரு வருஷம் வாழ்ந்தோம். பள்ளிவாசலில் என்னோடு தோள் சேர்த்துத் தொழுதவர்கள் சலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் வேறு வாசலால் வெளியேறினார்கள். என் கடைசி மகள் அஃப்சருன்னிசாவுக்கு வேலூரில் முடிவாகியிருந்த சம்பந்தத்தை, காரணம் சொல்லாமல், மரியாதையாக, நிறுத்திவிட்டார்கள். நான் இனாயத்தை ஒரு தடவையும் நம்பியதில்லை. ஆனால் நம்பாமல் இருப்பதற்கு அவளுடைய வளர்ப்பைத் தவிர என்னிடம் சாட்சி இல்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அவன் பள்ளிவாசலில் ஜமாத்தார் முன்னால் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

சந்தின் முனையில், மழைக்கு ஒதுங்கி, மீன்கூடையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பட்டினப்பாக்கத்துத் தேவானை. எங்கள் வீட்டுக்கும் மீன் கொடுப்பவள். நாங்கள் போகும் திசையைப் பார்த்ததும் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள்.

"அந்த வூட்டுக்கா போற நைனா? நான் அந்தப் பக்கம் கூடையே எறக்கறதில்ல" என்றாள். ஏன் என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

இனாயத்தின் வீட்டுத் தெருக்கதவு கனமான பழைய தேக்கு. உள்ளே நுழைந்து, செருப்பைக் கழற்றக் குனிந்தபோது, கதவின் உட்பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சின்னச் சின்னப் பள்ளங்கள் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றும் பிறை மாதிரி வளைந்திருந்தது. நூற்றுக்கணக்கில். செல்லரித்ததோ என்று விரலை வைத்துப் பார்த்தேன். செல் இல்லை. மரம் நசுங்கியிருந்தது.

அப்போது அதைப் பெரிதாக எண்ணவில்லை.

கூடத்திலிருந்து பார்த்தால் கொல்லைப்புறம் தெரிந்தது. கிணற்றடியில் ஒரு துவைக்கும் கல் புதிதாகப் பதித்திருந்தது. பெண்கள் இல்லாத வீட்டில், வண்ணானுக்குத் துணி போடுகிறவன், எதற்காகத் துவைக்கும் கல் பதித்தான்?

இன்னொன்றும் இருந்தது. என் தொழில் மூக்கோடு சம்பந்தப்பட்டது. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அங்கே என்ன சமைத்தார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை என்பது எனக்குத் தெரிந்துவிடும். அந்தக் கூடத்தில் ஈரத்துணியால் துடைத்த சிலேட்டின் வாசனை இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். சிலேட்டு எதுவும் இல்லை.

அந்த வாசனை என் வீட்டு வாசனை.

என் வீட்டில் கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை உண்டு. மாஸ்டர் வரும் நேரத்தில் என் பிள்ளைகள் கூடத்தில் உட்காருவார்கள். திரைக்குப் பின்னால் வஜீஹா சிலேட்டோடு உட்காருவாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஒரு நாள் என் மூத்தவன் ஒரு கணக்கில் தவறு செய்தபோது திரைக்குப் பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. கையிலிருந்த வெள்ளி வளையலால் தரையில் தட்டியிருக்கிறாள். மாஸ்டர் வேண்டுமென்றே ஒரு தப்பான வரியை எழுதினார். டக். சரியான வரியை எழுதினார். சத்தமில்லை. அன்றிலிருந்து அது ஒரு விதியாகிவிட்டது. தப்புக்கு ஒரு தட்டு. சரி என்றால் மௌனம். பிள்ளைகள் கணக்கைப் போட்டுவிட்டு மாஸ்டரைப் பார்க்காமல் திரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

வேற்று ஆண் காதில் பெண்ணின் குரல் விழக்கூடாது என்பது என் தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டு ஒழுங்கு. வஜீஹா ஒரு நாளும் அதை மீறவில்லை. அவள் குரல் திரையைத் தாண்டவில்லை, வளையல்தான் தாண்டியது.

அவளை மெட்ரிகுலேஷனுக்குத் தனியாக எழுதவைக்கலாம் என்று மாஸ்டர் ஒரு தடவை என்னிடம் கேட்டார். தேறியவர்களைப் பத்திரிகையில் அச்சடிப்பார்கள். காபி ஹோட்டலில் உட்கார்ந்து நாலு பேர் எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரை விரலால் தொட்டுப் படிப்பதற்கு நான் சம்மதிக்கவில்லை. மாஸ்டர் மறுபடி கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் படித்த மாப்பிள்ளையாகப் பார்த்துக் கொடுத்தேன். இண்டர்மீடியட்டில் இரண்டு தடவை தவறிய இனாயத், நிக்காஹ் ஆன பிறகு பி.ஏ. கணிதத்தில் முதல் வகுப்பில் தேறினான். பெண் வந்த ராசி என்றார்கள். அந்த ராசி எப்படி வேலை செய்தது என்பது மாஸ்டருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

இப்போது இனாயத் எம்.ஏ. வகுப்பில் சேர்வதற்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் இடங்கள், நிறையப் பேர். இடம் கிடைத்தால் தோல் வியாபாரி மெஹபூப் அலியின் மகள் அவனுக்கு என்று பேச்சு முடிந்திருந்தது. மறுநாள் காலை தேர்வு. பழைய கேள்விகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சில நாட்களாக மாஸ்டரை மாலையில் வரவழைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா" என்று எழுந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தாடியில் பாதி நரைத்திருந்தது. அவனுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

மாஸ்டர் இருந்ததால் உருதுவை விட்டுத் தமிழிலேயே பேசினோம். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். நாளைக்கு ஒரு நாள் போகட்டும், பிறகு எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன் என்று அவன் கேள்வித்தாளைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. மேஜை விளக்குக்கு மட்டும் ஒரு அட்டை மறைப்பு. உள்ளறை வாசலில் திரை இல்லை, கதவும் இல்லை. இருட்டு மட்டும் ஒரு துணி மாதிரித் தொங்கியது.

மாஸ்டர் ஒரு கேள்வியைத் தொட்டுக் காட்டினார். ஒன்று, அதோடு அரை, அதோடு மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போனால் அந்தக் கூட்டல் எங்காவது ஓர் எல்லையில் நிற்குமா?

இனாயத் யோசித்தான். எண்கள் சின்னதாகிக்கொண்டே போகின்றன. ஆகவே நிற்கும் என்று எழுதினான். பி.ஏ. படித்தவன் தடுக்கி விழக்கூடாத இடம் அது என்று மாஸ்டர் பிறகு சொன்னார்.

டக்.

உள்ளறையிலிருந்து வந்தது. மிதமான சத்தம். பொறுமையான சத்தம். நான் பல வருஷம் கேட்டுப் பழகிய சத்தம்.

என் முதுகெலும்பில் ஈரச் சிலேட்டை வைத்தது போலிருந்தது.

இனாயத் தலை நிமிரவில்லை. எழுதியதை அடித்துவிட்டு, நிற்காது என்று திருத்தினான். மௌனம். அவனுக்கு அது பழக்கமாகிவிட்டிருந்தது. அந்தத் தட்டை வைத்துத்தான் அவன் இத்தனை நாளும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான் என்பது எனக்கு அப்போது விளங்கியது. செத்தவளிடமிருந்தும் அவன் பாடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அது என்ன சத்தம்?" என்றேன்.

"எலி, மாமா."

டக்.

மாஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதைத்தான் சொன்னேன் சாயபு. முதல் தட்டு கணக்குக்கு. ரெண்டாவது தட்டு கணக்குக்கு இல்ல."

இனாயத் சிரிக்கப் பார்த்தான். "பழைய வீடு. பெருச்சாளியோ என்னவோ."

டக்.

நான் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கேள்வித்தாளை ஓரமாக வை" என்றேன். "இப்போது நான் கேட்கிறேன். அவளை ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போனாயா?"

"போனேன்."

டக்.

"அவள் உன் கையை உதறிவிட்டுப் போனாளா?"

"மாமா, ஊருக்கே தெரியும்..."

டக்.

"வேறு எவனாவது இருந்தானா?"

அவன் வாயைத் திறந்தான். உள்ளறைப் பக்கம் பார்த்தான். மூடிக்கொண்டான். மழை ஓட்டின் மேல் கனத்தது. சிலேட்டு வாசனை இப்போது விளக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"இல்ல" என்றான்.

மௌனம்.

அந்த மௌனம் தட்டைவிட மோசமாக இருந்தது. யாரோ காதைத் தீட்டிக்கொண்டு அடுத்த வரிக்குக் காத்திருக்கும் மௌனம்.

"சொல்" என்றேன்.

"அவளுக்குக் காய்ச்சல்."

மௌனம்.

"ஒரு வாரமாவே. எழுந்து நிக்க முடியல. காய்ச்சல்காரிய ரயில்ல ஏத்த மாட்டாங்கன்னு அம்மா சொன்னா."

மௌனம்.

"ஊர் பூரா காலி. திருட்டு பயம். வெளியில பூட்டினேன். மறுநாளே திரும்பி வந்து கூட்டிட்டுப் போகலாம்னுதான் நெனச்சேன்."

டக்.

இந்தத் தட்டு உள்ளறையிலிருந்து வரவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து வந்தது.

இனாயத் கால்களை நாற்காலியின் மேல் தூக்கிக்கொண்டான். அவன் முகத்திலிருந்து வியர்வை கேள்வித்தாளின் மேல் சொட்டியது.

"நெனைக்கல" என்றான். "நெனைக்கல. திரும்பி வரணும்னு நெனைக்கவேயில்ல. போதுமா?"

மௌனம்.

வாசல் கதவின் அடியில் இருந்த பிறைகள் என் கண் முன்னால் வந்தன. நிற்க முடியாத ஒருத்தி தரையோடு தரையாக ஊர்ந்து வந்து, படுத்தபடியே, எட்டிய உயரத்தில்.

"எங்கே அவள்?"

அவன் கொல்லைப்புறத்தைக் கை காட்டினான். புதுத் துவைக்கும் கல்லைத்தான் காட்டினான். பட்டணம் திரும்பியதும் முதல் வேலையாக அதைச் செய்திருக்கிறான். குளிப்பாட்டாமல், கஃபன் துணி இல்லாமல், தொழுகை இல்லாமல்.

மாஸ்டர் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவனை அடிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் கை நீட்டியதில்லை. வளையல் எங்கே என்று மட்டும் கேட்டேன். அவன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். வெள்ளி வளையல். ஒரு பக்கம் தட்டித் தட்டித் தட்டையாகியிருந்தது.

அவனுடைய ஷெர்வானி மறுநாளுக்காக ஆணியில் தொங்கியது. நான் எழுந்து போய் அந்த வளையலை அதன் உள்பையில் போட்டு, பொத்தானையும் மாட்டினேன்.

"நாளைக்குப் போய்ப் பரீட்சை எழுது" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. "மாமா?"

"இத்தனை வருஷம் அவளை வைத்துத்தானே எழுதினாய். நாளைக்கும் கூட்டிக்கொண்டு போ. பரீட்சை முடிந்ததும் அங்கிருந்து நேராகப் பள்ளிவாசல். இந்தப் பையை மட்டும் திறக்காதே."

வாசலைத் தாண்டும்வரை காதைக் கொடுத்தபடியே நடந்தேன். நான் சொன்ன எதற்கும் தட்டு விழவில்லை.

மறுநாள் தேர்வு நடந்த மண்டபம் அடையாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தோப்பும் துரவுமான இடத்தில் இருந்தது. நானும் மாஸ்டரும் வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றோம். சன்னல்கள் திறந்திருந்தன. இனாயத் சன்னலோரமாகவே உட்கார்ந்திருந்தான். மழை விட்டு நல்ல வெயில். காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. பயப்படும்படி அங்கே எதுவும் இல்லை.

மணி அடித்தது. எல்லோரும் குனிந்தார்கள். இனாயத் பேனாவை மையில் தோய்த்து முதல் வரியை எழுதினான்.

டக்.

மரத்தடியில் நின்ற எங்களுக்கே கேட்டது. நாலைந்து தலைகள் திரும்பின. அவன் எழுதியதை அடித்தான். மறுபடி எழுதினான்.

டக்.

"என்ன கணக்கு அது?" என்று மாஸ்டரிடம் கிசுகிசுத்தேன். முதல் பக்கத்தில் கணக்கு எதுவும் இருக்காது என்றார் அவர். "பேரு எழுதற இடம், சாயபு."

அவன் மறுபடி எழுதினான். டக். அடித்தான். எழுதினான். டக். மேற்பார்வையாளர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, யார் மேஜையைத் தட்டுவது என்று இங்கிலீஷில் அதட்டினார். இனாயத் எழுந்து நின்றான். தட்டியது தான் இல்லை என்றான். மௌனம். அவர் அவனுடைய பெயரைக் கேட்டார். இனாயத் தன் பெயரைச் சொன்னான்.

டக்.

அவன் மேஜையின் மேல் இரண்டு கையும் வெறுமனே இருந்தன. எல்லோரும் பார்த்தார்கள். அவன் இன்னும் சத்தமாகத் தன் பெயரைச் சொன்னான். டக். அவன் தகப்பன் பெயரைச் சேர்த்துச் சொன்னான். டக். பிறகு உட்கார்ந்து, தாளின் மேல் கவிழ்ந்து, வேகமாக எதையோ எழுதினான்.

மௌனம்.

அவன் பேனாவை வைத்துவிட்டு வெளியே நடந்து வந்தான். யாரும் தடுக்கவில்லை. மேற்பார்வையாளர் அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, இது என்ன எழுத்து என்று மாஸ்டரைக் கேட்டார். மாஸ்டர் என்னிடம் நீட்டினார். மேலே ஒரு பெயர் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு, நிப்பு காகிதத்தைக் கிழிக்கும்வரை அடிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, அடிபடாமல், உருதுவில் ஒரே ஒரு பெயர்.

வஜீஹா.

அது இனாயத்தின் கையெழுத்து இல்லை. சிலேட்டில் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிய கையெழுத்து. தாள் கொஞ்சம் ஈரமாக இருந்தது.

நான் அதைப் படித்துச் சொல்லவில்லை. ஒரு பெயர் என்று மட்டும் சொன்னேன்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் இனாயத் ஜமாத்தார் முன்னால் நின்றான். அவள் ஓடிப்போகவில்லை, காய்ச்சலில் கிடந்தவளை நான்தான் வைத்துப் பூட்டினேன், அவள் என் வீட்டுக் கிணற்றடியில் இருக்கிறாள் என்று சொன்னான். ஒரு தட்டும் கேட்கவில்லை. அவன் வாயிலிருந்து மனிதர் கேட்ட கடைசி வார்த்தைகள் அவைதான். ஷெர்வானியின் உள்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் தாயார் வந்து ஊருக்கு அழைத்துப் போனாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறானாம். பேர் கேட்டால் மட்டும் காதைப் பொத்திக்கொள்கிறானாம். போலீஸுக்குப் போகலாம் என்று ஜமாத்தில் சிலர் சொன்னார்கள். நான் மறுத்தேன். கோர்ட்டு வாசலில் நின்று டவாலிச் சேவகன் எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரை மூன்று தடவை கூவுவதற்கு நான் இடம் கொடுக்கமாட்டேன். அவள் கணக்கை அவளே தீர்த்துக்கொண்டாள்.

வளையலை அவனிடமிருந்து வாங்கி என் கடையின் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

கல்லைப் பெயர்த்து அவளை எடுத்தோம். முறைப்படி எல்லாம் செய்தோம். ஜனாஸாத் தொழுகைக்கு முற்றம் கொள்ளாத கூட்டம். வேறு வாசலால் போனவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். அந்த மாதமே வேலூரிலிருந்து மறுபடி ஆள் வந்தது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துத் தேவானை எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்தாள். கூடையை இறக்கவில்லை. என் மனைவி ஜைதூன் பீயிடம் பேசினாள். நான் கூடத்தில் இருந்தேன், கேட்டது.

"ஊரே காலியா கீது அப்போ. மிச்சம் மீதி இருந்த வூட்டுக்கு மீனு குடுக்கப் போய்க்கினு இருந்தேன். அந்தக் கதவாண்ட வந்தா உள்ள 'டக்'னுது. யாரும்மானு கேட்டேன். 'டக்'. யாருனா கீறீங்களானு கேட்டேன். 'டக்'. மறுநாளும் அதே. நாளாவ நாளாவ சத்தம் சின்னதாயிட்டுது. காத்துல இன்னாமோ அடிச்சிக்குதுன்னு வந்துட்டேம்மா. ஒரு வார்த்தை... 'அக்கா'ன்னு ஒரு வார்த்தை கொரலு வந்திருந்தா, கதவ பேத்துட்டிருப்பேன்."

ஜைதூன் பீ அவளை அனுப்பிவிட்டுக் கூடத்துக்கு வந்து என் எதிரில் நின்றாள். இந்த வீட்டில் என் எதிரில் நின்று அவள் கேள்வி கேட்டதில்லை.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றேன். "காய்ச்சலில் தொண்டை அடைத்திருக்கும்."

டக்.

பச்சைத் திரை அசையவில்லை. அதற்குப் பின்னால் யாரும் இல்லை. அஃப்சருன்னிசா மாடியில் இருந்தாள். வளையல் கடையில், இரும்புப் பெட்டியில், சாவி என் இடுப்பில்.

ஜைதூன் பீ திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் தகப்பனார் உட்கார்ந்த நாற்காலி அது. "சாகும்போதுகூட எங்கள் பெண் குரலைத் தெருவுக்கு விடவில்லை" என்றேன்.

மௌனம்.

"அந்த வளர்ப்புதான் இந்தக் குடும்பத்தின் மானம்."

டக்.

ஈரச் சிலேட்டின் வாசனை கூடம் முழுக்கப் பரவியது.

திரையை எடுத்துவிடலாம் என்று ஜைதூன் பீ அன்றே சொன்னாள். நான் விடவில்லை, எங்கள் வீட்டில் எப்போதும் தொங்கிய திரை அது. மாஸ்டர் இப்போதும் எப்போதாவது வருகிறார். கூடத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி காபி குடிக்கிறார். எனக்குக் கேட்பது அவருக்கும் கேட்கிறது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. போன தடவை மட்டும் நான், முன்பைவிடச் சத்தம் சின்னதாகிக்கொண்டு வருகிறது, கொஞ்ச நாளில் நின்றுவிடும் என்றேன்.

மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தக் கணக்கு ஞாபகம் இருக்கா, சாயபு? ஒண்ணு, அரை, மூணுல ஒண்ணு..."

அவர் முடிப்பதற்குள், திரைக்குப் பின்னால், மிக மிகச் சின்னதாக, அது கேட்டது. அவர் சொன்னதற்கு இல்லை. நான் சொன்னதற்கு.